இருபத்து நாலு

நீடாமங்கலம் கேட் மூடினால்தான்
என் கடையில் உலை கொதிக்கும்.
நெல் ஏற்றின சரக்கு ரயில் எஞ்சின் மாற்றி
முன்னும் பின்னும் உலாத்துகிறவரைக்கும்
இரண்டு பக்கமும் வண்டிகளை அணைத்துப் போடுவார்கள்.
கேட் திறந்ததும் அதில் ஒன்றிரண்டு கிளம்பாது.
தள்ளிக்கொண்டு வருவார்கள்.

தை பத்தொன்பது, ராத்திரி ஒன்றரைக்கு
ஷட்டரைத் தட்டியவன் கேட்டிலிருந்து வரவில்லை.
முழங்கால்வரை சேறு.
பழனிமுத்து, ஆத்தூர்ப் பக்கம்.
"வண்டி வயல்ல நிக்குது பாய்.
செல்ஃப் முனகுது, சுத்த மாட்டேங்குது.
விடிஞ்சா மழைன்னு சொல்றாங்க."

என் பேட்டரியை மொபட்டில் கால் நடுவே வைத்து
பாமணியாற்றுக் கரையோடு போனேன்.
பனிக்குச் சாய்ந்து கிடந்தது பயிர்.
ஒருநாள் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.
குத்தகைக்காரி குணவதி
டார்ச்சோடு வரப்பில் நின்றாள்.
மணிக்கு இரண்டாயிரத்து எழுநூறு என்று பேசிய வண்டி
மூன்று மணி நேரமாய்ச் சும்மா நிற்கிறது.
அதற்கும் காசா என்று கேட்க நினைத்தவள்
கேட்கவில்லை.

பன்னிரண்டு வோல்ட் மோட்டார்.
தகட்டில் எழுதியே இருக்கிறது.
அவன் பேட்டரியின் பிளஸ்ஸை
என் பேட்டரியின் மைனஸில் கோத்தேன்.
பல்பு வெடிக்கும் என்று
விளக்கு ஒயர்களைப் பிடுங்கி விட்டேன்.
டார்ச் ஒன்றுதான் மிச்சம், அதிலும் செல் தீருகிற மஞ்சள்.

"மூணு எண்ணுவேன்.
அதுக்குள்ள பிடிக்கலைன்னா கையை எடுத்துடு.
இது அதுக்குப் பழக்கமில்லாத சோறு."

ஒன்று.
முனகிக்கொண்டிருந்தது அலறியது.
பல்லின்மேல் பல் அறைந்த சத்தத்தில்
பூவரசில் அடைந்திருந்த மடையான்கள்
மொத்தமாக எழும்பின.
இரண்டு.
வார்னிஷ் தீயும் நாற்றம்.
மூன்றை நான் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை.
புகைபோக்கி ஒரு முறை இருமி
பிடித்துக்கொண்டது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தொட்டேன்.
விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

"இனி அணைக்காதே," என்றேன்.
அணைக்கவில்லை.
டீசல் ஊற்றும்போதும் ஓடியது,
அவன் வரப்பில் குந்திக் கஞ்சி குடித்தபோதும் ஓடியது.
குணவதி வயல் முடிந்து அடுத்த வயல்,
அதற்கடுத்து ரெட்டைப்புளி மேடு,
மூன்று பகல், மூன்று இரவு.
மாற்று டிரைவர் வருகிறான் வருகிறான் என்றார் முதலாளி
போனில்.
கீழே இறங்கி நின்றால்கூட
பழனிமுத்துவின் கை
லீவரைப் பிடித்தமாதிரியே அதிர்ந்ததாம்.
தேநீர்க் கடைக்காரர்
முக்கால் கிளாஸ்தான் ஊற்றுவாராம் அவனுக்கு.

மழை வரவில்லை.
ஆந்திராப் பக்கம் போய்விட்டது என்றார்கள்.
கொள்முதல் நிலையத்தில் சாக்கும் வரவில்லை.
குணவதியின் நெல்
தார்ப்பாயின் கீழ்
நாற்பத்தி ஒன்றாவது குவியலாக வரிசையில் கிடக்கிறது.
ஈரப்பதம் பார்க்கிறவர்
திங்கட்கிழமை வருவாராம்.

இன்றைக்கு மத்தியானம்
யூரியா சாக்கில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தான்.
பிரித்தேன்.
கார்பன் நொறுங்கி மாவு.
கம்யூட்டேட்டரிலிருந்து ஈயம் உருகித் தெறித்து
கூட்டின் உள்சுவரெங்கும்
துளித்துளியாக உறைந்திருந்தது.
இந்தத் தையில்
நான் பார்த்த துளி அவ்வளவுதான்.

நகத்தால் ஒன்றைச் சுரண்டிக்கொண்டே
கணக்குப் போட்டேன்:
ஆர்மேச்சர் சுற்ற ஆயிரத்து எண்ணூறு,
பெண்டிக்ஸ் தனி,
ஃப்ளைவீலில் பல் போயிருந்தால் அது வேறு.
அன்றைய ராத்திரிக் கூலியைச் சேர்ப்பதா வேண்டாமா?
மூன்று எண்ணினவன் நான்.

நிமிர்ந்தால்,
பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.
மடியில் கிடந்த வலது கை மட்டும்
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கேட் மூடியது. மணி அடித்தது.
வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
திறந்ததும், தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தன்
வாசலிலிருந்தே ஹாரன் அடித்தான்.
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
தொகையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.